உசாமி இரண்டாவது குடுவை கேட்ட நாள்

கசானே நிறுவனத்தில் ஹிரானுமா சதோமியின் வேலை, பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று மோப்பம் பிடிப்பது. விசிட்டிங் கார்டில் அப்படிப் போட முடியாதென்பதால் ‘போட்டி ஆய்வுப் பிரிவுத் தலைவர்’ என்று போட்டுக் கொடுத்திருந்தார்கள். கார்டு நல்ல தடிமனான தாளில் இருந்தது. வேலை மோப்பம்தான்.

கசானே விளையாட்டுப் பெட்டி செய்கிற கம்பெனி. டிவியோடு இணைத்து, கையில் பொத்தான்களை வைத்துக்கொண்டு பிள்ளைகளும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் சண்டை போடுவார்களே, அந்தப் பெட்டி. சில வருடங்களுக்கு ஒரு முறை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் பழைய பெட்டியைக் கைகழுவிவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவருவார்கள். அதற்கு ‘அடுத்த தலைமுறை’ என்று பெயர். என்னவோ இவர்களே பிரசவ அறைக்கு வெளியே காத்திருந்தது போல.

போட்டி மூன்று பேருக்குள். அமெரிக்கக்காரனிடம் பணம் கொட்டிக் கிடந்தது, அவன் யாரையும் பார்க்காமல் தன் வழியில் போவான். மிச்சம் இரண்டு பேர். டோக்கியோவில் ஷினாகவா ஸ்டேஷன் அருகே கசானே. தமா ஆற்றைத் தாண்டினால் கவாசாகியில் ஹயாசே. இந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பார்த்தே வயதானவர்கள்.

அந்த வருடத் தொடக்கத்தில் கசானேயின் எல்லா மாடிகளிலும் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. ஹயாசே தன் புதிய பெட்டியை இந்தக் குளிர்காலத்திலேயே கொண்டுவருமா, அடுத்த குளிர்காலம் வரை பொறுக்குமா?

அதைச் சொல்லவேண்டியவள் ஹிரானுமா.

பெட்டியின் வடிவமைப்புக்குத் தலைவர் தோகாஷி. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெப்பமானி இருக்கும். ஒரு நாள் பிற்பகல் அவளைச் சோதனைக்கூடத்துக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் மூடி கழற்றிய பெட்டி ஒன்று, பறக்கப்போவது போல இரைந்துகொண்டிருந்தது.

“கை வெச்சுப் பாருங்க ஹிரானுமா சான்.”

வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள்.

“ரெண்டு மணி நேரம் ஓடுனா மேல முட்டை பொரிக்கலாம்,” என்றார் தோகாஷி. “சிப்பு நல்ல சிப்பு. இவ்ளோ வேகம் ஹயாசேகிட்டயும் இருக்காது. சூடு மட்டும்தான் அடங்க மாட்டேங்குது. எனக்கு ஒரு வருஷம் வேணும்.”

“ஒரு வருஷம் இல்லேன்னா?”

“வேகத்தைக் குறைச்சு ஓட விடணும். சூடாகாது. ஆனா பழைய பெட்டியை விடக் கொஞ்சம்தான் வேகமா இருக்கும். அதை விக்கலாம். பெருமையா விக்க முடியாது.” இரைச்சலை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “போன தடவை மூணாவதா வந்தோம். இந்தத் தடவையும் அடி வாங்குனா பெட்டி செய்யறதையே விட்டுடலாம்னு மேல பேசிட்டாங்க. உங்களுக்கும் தெரியுமே.”

தெரியும். கம்பெனியில் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

“ஹயாசே இந்தக் குளிர்காலம் வந்தா, நாமளும் அந்த மெதுவான பெட்டியை எடுத்துட்டு வந்தே ஆகணும். கடையில இடத்தை விட்டா திரும்ப வாங்க முடியாது. அவங்க வரலேன்னா எனக்கு அந்த ஒரு வருஷம் கெடைக்கும்.” தோகாஷி அவளைப் பார்க்காமல் வெப்பமானியைத் துடைத்தார். “எனக்காகப் பாத்து எதுவும் சொல்லாதீங்க. உண்மையா இருந்தா மட்டும் சொல்லுங்க.”

“உண்மைதான் சொல்லுவேன்,” என்றாள் ஹிரானுமா. அந்த மனிதர் மேல் அவளுக்குப் பிரியம் இருந்தது. அவர் கேட்கிற வருடத்தை எப்படியாவது அவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்றும் இருந்தது. அங்கேயே பிசகு ஆரம்பித்துவிட்டது, அவளுக்குத்தான் தெரியவில்லை.

இனி அவள் உண்மையை எங்கிருந்து எடுப்பாள் என்பதைச் சொல்லவேண்டும்.

அவள் பிரிவின் சுவர் முழுக்க வரைபடங்கள். நினைவக சிப்பு விலை, ஹயாசே வேலைக்கு எடுக்கிற ஆட்களின் எண்ணிக்கை, அவர்கள் பதிவு செய்கிற காப்புரிமை, எல்லாம் வண்ண வண்ணமாகத் தொங்கும். இயக்குநர்கள் வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மிருகக்காட்சி சாலையில் நடப்பது போல நடந்து பார்த்துவிட்டு, “ம்” என்பார்கள். அவற்றில் ஒன்றையும் அவள் நம்பியதில்லை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பேசக்கூடிய படங்கள் அவை. அவள் நம்பியது ஒரே ஒரு மனிதரை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹயாசேயில், இதே மோப்ப வேலையைச் செய்துகொண்டிருந்த உசாமியை.

இருவரும் ஒரு காலத்தில் மினோரி என்ற கம்பெனியில் அடுத்தடுத்த மேஜை. மினோரியும் பெட்டி செய்தது, ஒரு தலைமுறை தப்பாகக் கணித்தது, மூடிக்கொண்டு போனது. அங்கே அவர்களுக்குத் தலைவராக இருந்த குராமோச்சி அதற்கப்புறம் அதிக நாள் இருக்கவில்லை. வசந்தத்தில் இரவும் பகலும் சமமாகிற வாரத்தில் எல்லாரும் கல்லறைக்குப் போவார்கள் இல்லையா, அப்போது இவர்கள் இருவரும் கமாகுராவுக்குப் போய் குராமோச்சியின் கல்லைக் கழுவி, ஊதுபத்தி வைத்து, பிறகு மலையடியில் ஒரு நூடுல்ஸ் கடையில் சாப்பிட்டுவிட்டுப் பிரிவார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

எதிரெதிர்க் கம்பெனிக்காரர்கள் சந்திப்பதென்றால் ஒரு விதி வேண்டும். வேலையைப் பற்றிப் பேச்சே கூடாது என்று முதல் வருடமே வைத்துக்கொண்டார்கள். விதி வைத்தால் அதைத் தேய்த்துத் தேய்த்து இன்னும் கூராக்குவதுதானே நம் ஊர்ப் பழக்கம். ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டால் ‘மூச்சு விட நேரமில்ல’ என்றோ ‘ஓய்வாத்தான் இருக்கேன்’ என்றோ பதில் வரும். இரண்டுமே வேலையைக் காட்டிக்கொடுக்கும். அதனால் போகப் போக அந்தக் கேள்வியும் உதிர்ந்துவிட்டது. தூக்கம் வருகிறதா, உடம்பு சௌக்கியமா, ஒன்றும் கேட்பதில்லை. குராமோச்சியைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், பூனைகளைப் பற்றி நிறையப் பேசினார்கள்.

வாயை மூடிக்கொண்டால் கண் திறந்துகொள்ளும். ஒரு வருடம் உசாமி டையோடு வந்தார், கல்லுக்கு ஒரு வாளி தண்ணீர், ஒரு கும்பிடு, கடைக்குக்கூட வராமல் ஸ்டேஷனில் நின்றபடியே நூடுல்ஸை உறிஞ்சிவிட்டு ரயிலேறிவிட்டார். ஹயாசே இந்த வருடமே வருகிறது என்று ஹிரானுமா போய்ச் சொன்னாள். வந்தது. இன்னொரு வருடம் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினார், நகவெட்டியால் பாசியைச் சுரண்டினார். தள்ளிப்போடுகிறார்கள் என்று சொன்னாள். தள்ளித்தான் போட்டார்கள். சுவரில் தொங்கும் படங்களைப் பார்த்து இயக்குநர்கள் அவளை மெச்சினார்கள். அவள் தலை குனிந்து நன்றி சொன்னாள்.

நண்பரிடம் திருடுகிறோம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. கேட்கவில்லை, பார்க்கத்தானே செய்தோம் என்று சமாதானம் செய்துகொள்வாள்.

அந்த வருடம் உசாமி அவளுக்கு முன்பே வந்து கல்லறை வாசலில் நின்றிருந்தார். டை இல்லை. தொளதொள கோட்டு. ஆள் நன்றாக இளைத்திருந்தார். காலையில் நடக்கப் போகிறார் போல, அதற்கு நேரம் இருக்கிறது என்று ஹிரானுமா மனதுக்குள் முதல் குறிப்பை எழுதிக்கொண்டாள்.

“லேட்டு,” என்றார் உசாமி.

“நீங்கதான் சீக்கிரம். என்ன அதிசயம்?”

“கெழவர் கனவுல வந்து திட்டினார். தன் முதுகைத் தேய்க்க ஆள் இல்லியாம்.”

கல்லின் முதுகைத் தேய்த்தார். முன்பக்கம், பக்கவாட்டு, எழுத்துகளின் பள்ளம் எல்லாம் பிரஷ்ஷால் தேய்த்தார். பிறகு பக்கத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த கல்லுக்கும் தண்ணீர் விட்டார். அதற்கடுத்த கல்லுக்கும்.

“அவங்க யாரு, உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. குராமோச்சிக்கு அண்டை வீட்டுக்காரங்க. நல்லபடியா வெச்சுக்கிட்டா நாளைக்கு உதவும்.” நடுவில் ஒரு கல்திட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். “இந்த ஆளைப் பாரு, அறுபதுதான். இவர் தொண்ணூறு. பேராசைக்காரர்.”

கல்லில் வெட்டியிருக்கும் வயதுகளைப் படிக்க நேரமிருக்கிற மனிதர். ஹிரானுமாவுக்கு நெஞ்சு லேசானது. ஹயாசே இந்த வருடம் வராது. தோகாஷிக்கு வருடம் கிடைத்துவிடும் போல இருக்கிறது.

கடையில் உசாமி வழக்கமான நூடுல்ஸோடு, மாவில் தோய்த்துப் பொரித்த இறால் டெம்புராவும் சொன்னார். பகலில், சூடாக ஒரு குடுவை சாகே, அரிசி மது, அதுவும் சொன்னார். ஹிரானுமா இந்த ஏழெட்டு வருடத்தில் அவர் பகலில் குடித்துப் பார்த்ததில்லை. டெம்புராவை அவள் பக்கம் தள்ளிவிட்டு, அவர் குடித்தார். குடித்துக்கொண்டே பழைய கதைகளை எடுத்தார். மினோரியில் குராமோச்சி முக்கியமான மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனது, எழுப்பியதும் “நான் எதிர்க்கிறேன்” என்றது, எதை எதிர்க்கிறார் என்று தெரியாமல் எல்லாரும் பயந்துபோய் அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

“அதான் மினோரி எடுத்த ஒரே நல்ல முடிவு,” என்றார் உசாமி.

ஹிரானுமா சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கதை ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் சிரித்தது முக்கியமாக நிம்மதியில். மூன்று மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கேள்வி எழுந்து போய்விட்ட சிரிப்பு அது. உசாமி அவளை உற்றுப் பார்த்தார், சிரித்தார், கடைக்காரப் பெண்ணைப் பார்த்து விரலைக் காட்டினார்.

“இன்னொரு குடுவை.”

“ரெண்டாவதா? வீட்டுல திட்ட மாட்டாங்களா?”

“திட்டட்டும். நீ சிரிக்கறதைப் பாத்து எத்தன வருஷமாச்சு. அவசரமாப் போகணுமா உனக்கு?”

“இல்ல, இல்ல. நிதானமாப் போகலாம்.”

“நானும் அதான் நெனச்சேன்,” என்றார் உசாமி.

ஸ்டேஷனில் பிரியும்போது அவர் ஏதோ சொல்ல வந்தது போல நின்றார். ரயில் வந்துவிட்டது. அவள் கும்பிட்டுவிட்டு ஏறினாள். இருக்கையில் உட்கார்ந்ததும் செய்த முதல் காரியம், எந்த வரைபடத்தை எந்த வரிசையில் வைத்தால் ‘ஹயாசே வராது’ என்ற முடிவு தானாகப் பிறந்தது போல இருக்கும் என்று யோசித்தது.

இயக்குநர்கள் கூட்டத்தில் மனாபேதான் தலைமை. கடைசிப் படம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“எவ்வளவு நிச்சயம், ஹிரானுமா சான்?”

இந்தத் தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. ‘சாத்தியம் அதிகமாகத் தெரிகிறது’ என்று சொல்லித் தலை குனிய வேண்டும். அதையே அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அன்று இரண்டாவது குடுவை கண்முன் வந்து நின்றது.

“நிச்சயம்னே வெச்சுக்கலாம்,” என்றாள்.

மேஜையின் மறுகோடியில் தோகாஷி தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் தளர்ந்து இறங்கியதை அவள் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அந்த ஆபீசில் அதற்கு முன் இருந்ததில்லை. மெதுவான பெட்டிக்காகத் தொழிற்சாலையில் பிடித்து வைத்திருந்த இடத்தை அந்த வாரமே விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

செப்டம்பரில் ஹயாசே அறிவித்தது. கசானே கேண்டீனில் மதியச் சாப்பாட்டு நேரம். சுவர் டிவியில் ஹயாசேயின் தலைவர் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தார். நவம்பரில் கடைகளில் என்றார். விலையைச் சொன்னார். கேண்டீனில் கரண்டிச் சத்தம் நின்றது. ஹிரானுமா கையில் கறிச் சோற்றுத் தட்டோடு உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தாள். இடம் நிறைய இருந்தது, யாரும் ‘இங்க வாங்க’ என்று நகரவில்லை.

யாரும் அவளைத் திட்டவும் இல்லை. மனாபே கூப்பிட்டு, “ரொம்ப உழைச்சிட்டீங்க, கொஞ்ச நாள் ஓய்வா இருங்க,” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மறு வாரம் சுவரில் இருந்த படங்களை ஆட்கள் வந்து கழற்றிச் சுருட்டினார்கள், அவள் மேஜையை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டார்கள். அக்டோபரில் அறிவிப்பு வந்தது. கசானே இனிப் பெட்டி செய்யாது, மற்றவர்கள் பெட்டிக்கு விளையாட்டு எழுதிக் கொடுக்கும். யாருடைய பெட்டி என்பதை அறிவிப்பில் எழுதவில்லை. எழுதாமலே தெரிந்தது.

தோகாஷியைப் பார்க்க அவளாகத்தான் போனாள். சோதனைக்கூடத்தில் பாதி மேஜைகள் போய்விட்டன. மிச்சமிருந்த ஒரு மேஜையில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

“கை வெச்சுப் பாருங்க,” என்றார்.

வைத்தாள். சில்லென்று இருந்தது.

“முழு வேகத்துல ஓடுது. காலையில இருந்து.” தோகாஷி முகத்தில் பெருமை ஒரு நொடி வந்தது, போய்விட்டது. “போன வாரம்தான் கண்டுபுடிச்சேன். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல, சொன்னா அழுவா.”

ஹிரானுமா கையை எடுக்காமல் நின்றாள்.

“உங்க மேல கோவமில்ல. நம்பித்தான சொன்னீங்க?”

“ஆமா.”

“எதை வெச்சு நம்புனீங்க? அதை மட்டும் சொல்லுங்க. உங்க படமெல்லாம் எடுத்துத் திரும்பத் திரும்பப் பாத்தேன். அதுல ஒண்ணுமே இல்லியே.”

ஒரு மனிதர் பகலில் சாகே குடித்தார், அதை வைத்து என்று எப்படிச் சொல்வது? அவள் தலையை ஆழமாகக் குனிந்தாள். நிமிராமல் அப்படியே நின்றாள். தோகாஷி போய்ச் சுவரிலிருந்து பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினார்.

அதற்கப்புறம் அவளைக் காப்பாற்றியது உசாமி மேலிருந்த கோபம்தான். நடித்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். அவள் கண் எங்கே போகும் என்று தெரிந்துகொண்டு, கல்லைக் கழுவி, அடுத்தவன் கல்லையும் கழுவி, இரண்டாவது குடுவை கேட்டு, செத்துப்போன குராமோச்சியின் முன்னால் வைத்து அவளை முட்டாளாக்கிவிட்டார். எத்தனை பெரிய நடிகர். அடுத்த வசந்தத்தில் பார்த்துக்கொள்கிறேன், அந்த வாளித் தண்ணீரை அவர் தலையிலேயே கவிழ்க்கிறேன் என்று ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து தினமும் கறுவினாள்.

நவம்பரில் ஹயாசேயின் வெள்ளைப் பெட்டி கடைக்கு வந்து, ஊரெல்லாம் வரிசை நின்ற வாரத்தில், மினோரியின் பழைய ஆள் ஒருவர் போன் செய்தார். உசாமி போய்விட்டார். கணையத்தில் புற்றுநோய். நாளை மாலை கவாசாகியில் துக்கம் கேட்கலாம்.

போனை வைத்தபின் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படங்கள் இருந்த இடத்தில் வெளிறிய சதுரங்கள் தெரிந்தன.

துக்க மண்டபத்தில் கறுப்பு உடுப்பு வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. பூக்களுக்கு நடுவே உசாமியின் படம். படத்துக்குக் கீழே, பழங்களுக்குப் பக்கத்தில், வெள்ளைப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். ஹயாசே சகாக்கள் மரியாதைக்கு வைத்தது. அவள் முறை வந்ததும் ஊதுபத்திப் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து நெற்றிவரை உயர்த்திக் கனலில் இட்டாள். புகை வெள்ளைப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. தோகாஷியின் பெட்டியைக் கொன்ற பெட்டிக்குத் தூபம் போடுகிறோம் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

உசாமியின் மனைவி சுமியே பக்கத்து அறையில் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹிரானுமாவின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. துக்க வீட்டில் அப்படி மலர்ந்ததற்காக உடனே கையால் வாயை மூடிக்கொண்டாள்.

“நீங்கதானா ஹிரானுமா சான். உங்களைப் பாக்கணும்னு இருந்தேன். ஜனவரியிலயே டாக்டர் சொல்லிட்டாங்க, இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு. அப்பவே ஆபீசுக்கு லீவு போட்டாச்சு. வீட்டுலயே உக்காந்து சுவரைப் பாத்துட்டு இருப்பார். மார்ச்சுல கல்லறைக்குப் போய்ட்டு வந்தார் பாருங்க, அன்னைக்குத்தான் பழைய மனுஷனா வந்தார்.”

ஹிரானுமாவின் கையில் தேநீர்க் கோப்பை அசையாமல் நின்றது. தொளதொள கோட்டு. கல்திட்டில் உட்கார்ந்து வாங்கிய மூச்சு. அவள் பக்கம் தள்ளிய டெம்புரா.

“ரெண்டு குடுவை குடிச்சேன், வலி தெரியலேன்னார். நான் திட்டல,” என்றாள் சுமியே. “வந்ததும் ஷூவைக்கூடக் கழட்டல, வாசல்ல நின்னுட்டே ஆபீசுக்குப் போன் பண்ணார். அங்க அப்ப என்னவோ பெரிய குழப்பமாம். பெட்டியை இந்த வருஷம் கொண்டாறதா, பொறுத்துப் பாக்கறதான்னு. இவர்கிட்டதான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, லீவுல இருந்தாக்கூட. இவர் சொன்னார், கசானே இந்த வருஷம் வராது, தைரியமாப் போங்கன்னு. எப்படிங்க தெரியும்னேன். ஹிரானுமா வயிறு குலுங்கச் சிரிச்சா, அவசரமில்ல நிதானமாப் போகலாம்னா, பெட்டி வர்ற வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சதே இல்லேன்னார்.” சுமியே கண்ணைத் துடைத்துக்கொண்டு புன்னகைத்தாள். “சாகப்போற நேரத்துலயும் ஆபீசுக்கு உபயோகமா இருந்தேன் பாத்தியான்னு அவருக்கு அவ்ளோ பெருமை. எனக்கு இந்த வேலையெல்லாம் புரியாது. உங்களுக்கு நன்றி சொல்லணும்னு மட்டும் தோணுச்சு.”

அவர் நடிக்கவில்லை. அவளைப் போலவே அவரும் திருடினார், அவ்வளவுதான். அவர் நிதானத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அவர் போன் செய்தார். ஆற்றின் இரண்டு கரையிலும் இல்லாத ஒரு முடிவை, அந்த நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் படித்துச் செய்திருந்தார்கள். யார் தலையில் வாளியைக் கவிழ்ப்பது? இரண்டு மாதமாக இல்லாத கோபத்தை வளர்த்து, அதன்மேல் சாய்ந்து உயிரோடு இருந்திருக்கிறாள். இப்போது அதுவும் போய்விட்டது. சாய ஒன்றுமில்லை.

“ஒண்ணு கேக்கட்டுமா?” சுமியே குரலைத் தாழ்த்தினாள். “தன் உடம்பைப் பத்தி உங்ககிட்ட அன்னைக்குச் சொன்னாரா?”

“இல்லீங்க.”

“சொல்லணும்னுதான் கெளம்புனார். நாமளா எப்படி ஆரம்பிக்கறது, அவ நாளும் கெட்டுப்போகும்னு தயங்கினார். எப்படி இருக்கீங்கன்னு அவளே கேப்பாள்ல, கேட்டா சொல்லிடறேன்னு போனார்.” ஒரு கணம் ஹிரானுமாவின் முகத்தைப் பார்த்தாள். “நீங்க கேட்டீங்களா?”

“கேக்கல,” என்றாள் ஹிரானுமா.

“பரவால்லீங்க. சிரிச்சீங்களே.”

ஹிரானுமா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே போகிற வழி இடப்பக்கம். அவள் மறுபடி மண்டபத்துக்குள் போய் வரிசையைத் தாண்டிப் படத்தின் முன்னால் நின்றாள். ஒருவர் இரண்டாம் முறை அங்கே போய் நிற்பது வழக்கமில்லை. சிட்டிகைப் பொடியோடு காத்திருந்த ஹயாசே ஆள் ஒருவர் என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தாழ்த்திக்கொண்டார்.

“எப்படி இருக்கீங்க, உசாமி சான்?” என்று கேட்டாள்.

பின்னால் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு, அவள் நகர்வதற்காக மரியாதையாகக் காத்திருந்தார்கள்.